பால் குறையாமல் எடை குறைய

பிரசவம் முடிந்து ஆறு வாரம் ஆகும்வரை எடையைக் குறைக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயத்தைப் புரட்டுகிறவர்களில் பலர் மூன்றாவது வாரத்திலேயே புரட்டுவார்கள். தையல் ஆறியிருக்காது, தூக்கம் இருக்காது, மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். அந்தப் பச்சை உடம்போடு இருக்கும்போது, குழந்தையைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் ஒருவராவது "என்னம்மா, இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

இந்த ஆறு வாரத்தில் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து பிரசவத்தன்றே ஏறக்குறைய 5 கிலோ இறங்கிவிடும். கர்ப்ப காலத்தில் உடம்பில் தேங்கிய நீர் அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். இரவில் நைட்டி நனைந்துபோவது அதனால்தான். ஒரு கிலோ அளவுக்கு இருந்த கர்ப்பப்பை ஆறு வாரத்துக்குள் 100 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். குழந்தை பால் சப்பும்போதெல்லாம் சுரக்கிற ஆக்சிடோசின் அதைச் சுருக்குகிறது. முதல் சில நாட்கள் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்குமே, அந்த வலி இந்த வேலை நடப்பதற்கான அடையாளம்.

வயிற்றைச் சுற்றித் துணி கட்டுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் அது நல்ல பிடிமானம். ஆனால் துணியோ பெல்ட்டோ கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்டும்படி இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்துபோன இடுப்புத் தளத் தசைகள்மேல் விழும். கை நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் குழந்தையின் எடை

நாம் இருக்கும் கர்நாடகத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கையில் கொடுக்கிற 'தாயி கார்டு' உங்கள் அலமாரியில் எங்கேயாவது இருக்கும். அதைத் தேடி எடுங்கள். குழந்தையின் வளர்ச்சிக் கோடு வரைகிற பக்கம் அதில் இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையின் சட்டையைக் கழற்றி எடை போட்டு அந்தப் பக்கத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கூட்டமாக இருக்கிறது என்று ஊசி மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே பெரியவர்களுக்கான எடைக் கருவியும் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் ஏறி நின்று, குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் பென்சிலால் உங்கள் எடையை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு எண்கள்தான் ஆதாரம். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் தன் எடையில் 10 சதவீதம் வரை இழக்கலாம். இரண்டு வாரத்துக்குள் அதை மீட்டுவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். முதல் வாரம் கழிந்ததும் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டும். இது சரியாக நடக்கிறது, கோடு தன் பாதையில் ஏறுகிறது என்றால் உங்கள் எடை மெல்ல இறங்கலாம். கோடு படுத்துவிட்டால் உணவைக் குறைப்பதை அன்றே நிறுத்திவிட்டு, குழந்தை மார்பைப் பற்றும் விதத்தை ஒரு மருத்துவரிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ காட்டுங்கள். குழந்தையின் எடை முதலில், உங்கள் எடை பிறகு; இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்களுக்கு எடை குறைய வேண்டுமா என்பதே அடுத்த கேள்வி. நம் உடல்வாகுக்கு இந்திய மருத்துவர்கள் வகுத்திருக்கிற எல்லை மேல்நாட்டு எல்லையைவிடக் கீழே இருக்கிறது: பி.எம்.ஐ. என்ற உடல் நிறை குறியீடு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 55 கிலோ நல்ல எடை. 68 கிலோ இருந்தால் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. அதே பெண் 52 கிலோ இருந்துகொண்டு வயிறு தளர்ந்திருக்கிறதே என்று கவலைப்பட்டால், அவருக்கு வேண்டியது உடற்பயிற்சி. சாப்பாட்டைக் குறைப்பது அவருக்கு வேண்டாத வேலை. இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுப்பவர்களும், இரத்தசோகையிலிருந்து இன்னும் மீளாதவர்களும் இப்போதைக்கு எடையை மறந்துவிடலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்துப் பெண்களில் 30 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25ஐத் தொட்டோ தாண்டியோ இருக்கிறது. 48 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இந்த இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தே இருப்பது நம் ஊரில் சாதாரணம். உடம்பு பருமனாக இருப்பதால் சத்து நிறைய இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பாலுக்குப் போகிற 600 கலோரி

தாய்ப்பால் கொடுத்தாலே இளைத்துவிடலாம் என்பது பாதி உண்மை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லி பால் குடிக்கிறது. அந்தப் பாலில் மட்டும் 500 கலோரி இருக்கிறது. அதைத் தயாரிக்க உடம்பு செலவழிப்பது தனி. ஆனால் பால் சுரக்கிற காலத்தில் பசியும் அதற்கு ஈடாகக் கிளம்பும். பிரசவமாகி எட்டு மாதம் ஆகியும் எடை அசையவில்லை என்று சொல்கிற தாய்மார் பலர். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்கு இது: 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்த வேலை செய்கிற பெண்ணுக்கு 1660 கலோரி தேவை. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் அதற்கு மேல் 600, அடுத்த ஆறு மாதத்தில் 520. ஆக முதல் அரையாண்டில் 2260. இதிலிருந்து 300 அல்லது 400 கலோரி குறைத்தால் உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். 1800க்குக் கீழே மட்டும் போக வேண்டாம். 1500க்கும் கீழே போனால் பால் குறையும் வாய்ப்பு உண்டு. அதற்கு முன்பே தலைசுற்றலும் எரிச்சலும் வந்துவிடும்.

வாரத்துக்கு அரை கிலோ என்பது உச்ச வரம்பு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பெரியவர்களிடம் தைரியமாகப் பேசலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில், அதிக எடையோடு தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த 40 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பிரசவமான நான்காவது வாரத்திலிருந்து நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டு, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தது. பத்து வாரத்தில் அவர்கள் ஏறக்குறைய 5 கிலோ இளைத்தார்கள். இரு குழுக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது. அவர்கள் எல்லோரும் கண்காணிப்பில் இருந்தவர்கள், நல்ல சத்துணவு சாப்பிட்டவர்கள் என்பதை மறக்காமல், நாம் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் போவோம். மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறங்கினாலே போதும். முதல் பிறந்தநாள் வரைக்கும் நேரம் இருக்கிறது, அதற்குப் பிறகும் இருக்கிறது.

உருண்டையும் லேகியமும்

பெங்களூரில் இருக்கும் தமிழ்த் தாய்க்கு இரண்டு பக்கமிருந்தும் பத்தியம் வரும். தர்மபுரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து மூன்று மாதம் கூட இருக்கிற அம்மாவின் கையில் பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு. எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி 'பாணந்தி'க்கென்று (பிள்ளை பெற்றவளுக்கென்று) டப்பா நிறையக் கொண்டுவந்து தருவது 'அண்ட்டின உண்டே'. பிசினை நெய்யில் பொரித்து, கொப்பரை, காய்ந்த பேரீச்சை, பாதாம், முந்திரி, கசகசா சேர்த்து வெல்லப்பாகில் பிடிக்கிற உருண்டை அது. நெய் விரலில் ஒட்டும். வாசனையே பாதிப் பசியை ஆற்றும். எலுமிச்சம்பழ அளவுள்ள ஓர் உருண்டையில் ஏறக்குறைய 200 கலோரி.

"இன்னும் ரெண்டு எடுத்துக்கோடி. பால் ஊற வேணாமா?"

"காலையிலயே ரெண்டு தின்னாச்சும்மா."

"தின்னா என்ன? உனக்கா, புள்ளைக்குத்தானே!"

இந்தப் பேச்சு நடக்காத வீடு இருக்காது. அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரி. பிள்ளை பெற்றவள் வயிறாரச் சாப்பிட வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும், அவளுக்கென்று தனியாகச் செய்து தர வேண்டும் என்ற ஏற்பாடு நம் குடும்பங்களில் இருப்பது பெரிய காரியம். அதை ஒரே வீச்சில் தூக்கி எறிந்துவிட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு மாறச் சொல்லும் உணவுப் பட்டியல்களை நான் ஏற்கவில்லை. ஆனால் பால் ஊறுவது உருண்டைக் கணக்கில் இல்லை. மார்பிலிருந்து பால் எத்தனை முறை, எவ்வளவு நன்றாக வெளியேறுகிறதோ அந்த அளவுக்கு அடுத்த பால் ஊறும். குழந்தை கேட்கும்போதெல்லாம், இரவிலும், கொடுத்தால் ஊறும். நெய்யைக் கூட்டியதால் மட்டும் ஊறாது. இந்த ஒன்றை அம்மாவுக்குப் பொறுமையாகப் புரியவைத்துவிட்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே உருண்டையை நிறுத்த வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தின்றுகொண்டிருந்தவர் ஒன்றுக்கு வந்தாலே 400 கலோரி குறைகிறது, சோற்றில் ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல். நெய் நாளைக்கு இரண்டு டீஸ்பூன். ஒவ்வொன்றும் 45 கலோரி. காபியில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். அதோடு காபியே நாளைக்கு இரண்டு டம்ளருக்குள் இருக்கட்டும், ஏனென்றால் கஃபீன் பாலில் இறங்கி சில குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். பெங்களூரில் ஒரு காபியை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஒன் பை டூ காபி என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறது. வீட்டிலும் அதைப் பின்பற்றலாம். தாய்மார்களுக்கென்று டப்பாவில் விற்கிற பவுடர்களை வாங்கும் முன் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள்.

பத்தியத்தில் நான் எதிர்க்கிற இடம் வேறு. "தண்ணி நெறய குடிச்சா வயிறு தொங்கும்", "கீரை குளிர்ச்சி, புள்ளைக்குச் சளி பிடிக்கும்", "பழம் வேண்டாம்" என்கிற மூன்றும் தவறு. காயும் கீரையும் தண்ணீரும் இல்லாமல் நெய்ச் சோறு மட்டும் சாப்பிட்டால் எடையும் ஏறும், மலச்சிக்கலும் வரும். தையல் போட்டவர்களுக்கு அது என்ன வேதனை என்று சொல்லத் தேவையில்லை. குழந்தையை மார்பில் போட்டதும் தாகம் எடுக்கும். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கர்நாடகத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு சப்பசிகே சொப்பு எனும் சதகுப்பைக் கீரையைச் சமைத்துக் கொடுப்பார்கள். பால் பெருகும் என்ற நம்பிக்கை ஒருபுறம் இருக்க, கீரை என்ற முறையிலேயே அது நல்லது; மார்க்கெட்டில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். சுறா விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம்: பெரிய சுறாக்களின் உடம்பில் பாதரசம் சேரும் என்பதால் மத்தி, நெத்திலி, அயிலை என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

காலையில் மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. பதினொரு மணிக்கு மோரும் ஒரு கிண்ணம் சுண்டலும். மதியம் கேழ்வரகுக் களியோ சோறோ ஒன்று, கீரைச் சாறு, ஒரு கிண்ணம் நிறையப் பொரியல், தயிர். நான்கு மணிக்கு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு கொய்யா. இரவு இரண்டு சப்பாத்தி, கூட்டு அல்லது மீன். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதில் பட்டினி எங்கும் இல்லை. புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்கிறது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 17 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை. ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் வந்துவிட்டால் சுண்டலுக்கும் சாம்பாருக்கும் பஞ்சமே இல்லை.

கேழ்வரகு பற்றி ஒரு வார்த்தை. முத்தே எனும் கேழ்வரகுக் களி சாப்பிட்டால் இளைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் 320 கலோரி, அதே அளவு அரிசியில் 355. பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகின் பெருமை கால்சியத்தில் இருக்கிறது: 100 கிராமில் 360 மில்லிகிராம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பால் கொடுப்பவருக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் தேவை என்பதால் களி நல்ல துணை. அளவு மட்டும் ஓர் உருண்டையோடு நிற்கட்டும்.

இரவு இரண்டு மணிப் பசிதான் பலரைக் கவிழ்க்கிறது. குழந்தை குடித்து முடித்ததும் வயிறு பிறாண்டும். கைக்கு எட்டுவது அய்யங்கார் பேக்கரி வெண்ணெய் பிஸ்கட்டோ தில்பசந்த்தோ. அந்தப் பசி பொய்ப் பசி இல்லை, அதை அடக்காதீர்கள். படுக்கும்போதே ஒரு வாழைப்பழமும் மூடி போட்ட டப்பாவில் கொஞ்சம் வேர்க்கடலையும் கட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் மாவுச்சத்தும் புரதமும் பெரிதாகக் குறையாது. உடம்பு தன் எலும்பையும் தசையையும் கொடுத்தாவது பாலைக் காப்பாற்றும். ஆனால் வைட்டமின் பி12, அயோடின், வைட்டமின் ஏ போன்றவை தாயிடம் இருந்தால்தான் பாலிலும் இருக்கும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தினர் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 50 மைக்ரோகிராம் பி12 மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். தாயின் இரத்தத்திலும் பாலிலும் குழந்தையின் உடம்பிலும் பி12 கூடியது என்று 2014இல் வெளியிட்டார்கள். சுத்த சைவக் குடும்பங்களில் இது முக்கியம். பி12 இல்லாத பால் குடித்து வளரும் குழந்தைக்கு நரம்பு வளர்ச்சியே பின்தங்கக்கூடும். சைவமாக இருந்து உணவையும் குறைக்கப்போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் பி12 பற்றிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அரசு திட்டப்படி பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் விடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்காமல் வேறு வேறு நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நடையும் வயிறும்

சுகப்பிரசவமானவர்கள் சில நாட்களிலேயே வீட்டுக்குள் நடக்கலாம். சிசேரியன் என்றால் மெதுவான நடை போதும், பளு தூக்குவதும் ஓட்டமும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு. ஆறு வாரம் கழிந்ததும் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடக்கலாம். அல்சூர் ஏரிக்கரை, கப்பன் பார்க், லால்பாக் எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் பிள்ளை பெற்றவருக்கு அடுக்ககத்தின் உள்வட்டமோ மொட்டை மாடியோ போதும். பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மார்பு லேசாக இருக்கும், குழந்தையும் ஒன்றிரண்டு மணி நேரம் தேடாது. உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: கலிஃபோர்னியாவில் நடந்து 1994இல் வெளியான ஆய்வில் தாய்மார் வாரம் ஐந்து நாள், 45 நிமிடம், 12 வாரம் உடற்பயிற்சி செய்தார்கள், பாலின் அளவும் குறையவில்லை, குழந்தையின் எடையும் குறையவில்லை. அரை மணி நடைக்கு நூற்றுச் சொச்சம் கலோரிதான் செலவாகும், திரும்பும் வழியில் தர்ஷினி உணவகத்தில் ஒரு மசால் தோசை அதை மூன்று மடங்காகத் திருப்பிக் கொடுத்துவிடும். நடையை எடைக்காக மட்டும் செய்யாதீர்கள்; தூக்கத்துக்கும் மனசுக்கும் அது தருவது பெரிது.

தளர்ந்த வயிறு எல்லாமே கொழுப்பு இல்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டு பக்கமாக விலகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால், அல்லது நடுவில் மேடு போல எழும்பினால், உட்கார்ந்து எழும் வயிற்றுப் பயிற்சிகளை ஆரம்பிக்காமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சிறுநீரை அடக்கிப் பிடிப்பது போல இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை முதல் வாரத்திலிருந்தே, பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்; அது சரியாகக்கூடிய விஷயம்.

இவற்றின் பக்கம் போகாதீர்கள்

பால் கொடுக்கிற காலத்தில் மாவுச்சத்தை அடியோடு விடுகிற கீட்டோ உணவு ஆபத்தானது. பால் தன் சர்க்கரையை உங்கள் இரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால், சோறும் ரொட்டியும் இல்லாவிட்டால் இரத்தம் அமிலமாகக்கூடும். ஸ்வீடனில் பத்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவர் இப்படிப்பட்ட உணவுமுறையால் வாந்தி, படபடப்பு, நடுக்கத்தோடு மருத்துவமனையில் சேர்ந்ததை மருத்துவர்கள் 2015இல் பதிவு செய்திருக்கிறார்கள். நிர்ஜல விரதமும் நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் இதே ரகம். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பால் பழம் சாப்பிட்டு வேண்டிக்கொள்ளலாம், ரமலானில் பால் கொடுக்கும் தாய்க்கு விலக்கு உண்டு. நிலாவரை கலந்த 'ஸ்லிம் டீ', கொடம்புளி கேப்ஸ்யூல், கொழுப்பு எரிக்கும் பொடி எதுவும் வேண்டாம். இந்தியாவுக்கு 2025இல் வந்த எடை குறைப்பு ஊசிகளை, பால் கொடுக்கும் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் யார் சொன்னாலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எதுவும் செய்யாமலே மளமளவென்று இளைத்து, நெஞ்சு படபடத்தால் சந்தோஷப்படாமல் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். மாறாக, என்ன செய்தும் எடை இறங்காமல், முடி கொட்டி, எப்போதும் குளிரினாலும் அதே பரிசோதனைதான். பிரசவத்துக்குப் பின் தைராய்டு இரண்டு பக்கமும் ஆடும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறாவது வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

தூக்கம், வேலை, மற்றவர்கள்

குழந்தை பிறந்த ஆறாவது மாதத்தில் ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய தாய்மாருக்கு, ஓராண்டு முடிவில் 5 கிலோவோ அதற்கு மேலோ கூடுதல் எடை தங்கிவிடும் வாய்ப்பு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட சுமார் மூன்று மடங்கு என்று பாஸ்டன் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் காட்டியது. ஆகவே விடியற்காலை நடையா, ஒரு மணி நேரத் தூக்கமா என்று வந்தால் தூங்குங்கள்.

26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற வாரத்தில் உணவைக் குறைக்க ஆரம்பிக்காதீர்கள். வைட்ஃபீல்டுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ போய்வருவதற்கே உடம்பு தனியாகப் பழக வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்வரலாம் என்பது 2017 சட்டத் திருத்தம் தந்த உரிமை, கேட்டு வாங்குங்கள். ஈஜிபுராவிலும் நீலசந்திராவிலும் ஸ்ரீராமபுரத்திலும் இரண்டாவது மாதமே வீட்டு வேலைக்குத் திரும்புகிற பெண்களுக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கெல்லாம் வேறு. அவர்களில் பலருக்கு மதியச் சாப்பாடே தவறிப்போகிறது. மாலையில் மிஞ்சிய சோறும் டீயும் பன்னும் உடம்பைப் பெருக்க வைக்கின்றன, இரத்தம் ஊற வைக்கவில்லை. கர்நாடக அரசு 2017 அக்டோபர் 2இல் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டத்தில், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை அங்கன்வாடியில் சோறு, சாம்பார், காய், முட்டை, பால், கடலை மிட்டாய் கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் பச்சை உடம்புக்காரராக இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள், அந்த நேரத்துக்கு விடுங்கள்.

எடையைப் பற்றிய கவலை நாள் முழுக்க மனதை அரித்தால், சாப்பிடவே பிடிக்காமல் போனால், குழந்தையைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தால் அது எடைப் பிரச்சினை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தருகிற தனிப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக, இந்தப் பக்கத்தைக் கணவரிடம் கொடுங்கள். ஐயா, உங்கள் மனைவியின் எடை குறைய நீங்கள் செய்யக்கூடியது அவரிடம் எடையைப் பற்றிப் பேசாமல் இருப்பது. அதோடு இரண்டு வேலை: அவர் மதியம் உட்கார்ந்து, சூடாக, முழுதாகச் சாப்பிட்டு எழும்வரை குழந்தையை யாராவது கையில் வைத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் அது நீங்களாகவே இருங்கள். இரவு பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பதை இன்றிலிருந்து உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.